ஹீமோபிலியா உள்ள அப்பாக்களிடம் நான் கேட்கத் தொடங்கிய கேள்வி

முழங்கால் வீங்கி வருபவரிடம் "எங்கே இடிச்சீங்க?" என்று கேட்பதுதான் பிசியோதெரபிஸ்ட்களின் வழக்கம். ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், உள்ள ஆண்கள் பெரும்பாலும் "தெரியல மேடம், தானா வந்துச்சு" என்பார்கள். இப்போதெல்லாம் நான் "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கா?" என்றும் கேட்கிறேன். அப்போதுதான் அசட்டுச் சிரிப்போடு உண்மை வரும். மகளை உப்புமூட்டை தூக்கியிருப்பார், இல்லையென்றால் பள்ளியில் அப்பாக்களுக்கு வைத்த ஓட்டப்பந்தயத்தில் ஓடியிருப்பார்.

ஒருவர் மூன்றாம் நாள் வந்தார். முழங்காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. மகளின் பிறந்தநாள் அன்று சாயங்காலமே மூட்டுக்குள் அந்தக் குறுகுறுப்பு தொடங்கிவிட்டது. அது ரத்தக்கசிவின் முதல் அறிகுறி என்று சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். ஆனாலும் ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசியைப் போட்டுக்கொள்ளாமல், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கேக் வெட்டியிருக்கிறார். "ஊசியைப் பாத்தா புள்ள பயந்துடும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, அப்புறம் பாவமாகவும் இருந்தது.

ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அல்லது 9 என்ற புரதம் இவர்களுக்குக் குறைவு. மூட்டுக்குள் தேங்கும் ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து உள்சவ்வைப் புண்ணாக்கும், புண்ணான சவ்வு இன்னும் சுலபமாகக் கசியும், கடைசியில் குருத்தெலும்பே தேய்ந்துவிடும். குறுகுறுப்பு வந்ததும் ஃபேக்டர் போட்டிருந்தால் ஓரிரு நாளில் அடங்கியிருக்கக்கூடியது, தள்ளிப்போட்டதால் வாரக்கணக்கில் இழுக்கும். இதில் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டால் கசிவு கூடத்தான் செய்யும்.

குழந்தையைத் தூக்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. கீழே குனிந்து தூக்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். விளையாட்டு விழா இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு அன்று காலையிலேயே ஃபேக்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேக்டர் 8 சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், முந்தின நாள் போட்டது போதாது.

உடம்பை விட இவர்களை அதிகம் அரிப்பது "என் பையனுக்கும் வந்துடுமோ" என்ற பயம். அப்பாவிடமிருந்து மகனுக்கு இது வராது, ஏனென்றால் மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் குரோமோசோம். மகளுக்குக் கொடுப்பது இந்த நோய்க்கான மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோம், அதனால் மகள்கள் எல்லோருக்கும் அந்த மரபணு போகும். ஜீன் தெரபி (மரபணு சிகிச்சை) பண்ணிக்கிட்டா மகளுக்குப் போகாதா என்றும் கேட்கிறார்கள், வேலூர் சிஎம்சியில் 5 பேருக்குச் செய்த செய்தி 2024-இல் வந்ததிலிருந்து. அது மாற்றுவது ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத்தான், விந்தணுவை அல்ல.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. அக்கா மகளையே கட்டிக்கொள்வது. அக்காவுக்கு அந்த மரபணு இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகளுக்கு அதில் பாதி. மணப்பெண்ணுக்கும் அது இருந்துவிட்டால் மகனுக்கு நோய் வரலாம், மகளுக்கே கூட முழு ஹீமோபிலியா வரலாம். அத்தை மகள் என்றால் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. தாய்மாமனுக்கு நோய் இருந்தால் மாமன் மகளுக்கு மரபணு நிச்சயம் இருக்கும். ஜாதகம் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மகளை "கேரியர்தானே (மரபணுவைச் சுமப்பவர்), ஒண்ணும் பண்ணாது" என்று விட்டுவிடுகிறார்கள். சில பெண்களுக்கு ஃபேக்டர் அளவு நிஜமாகவே குறைவாக இருக்கும், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும். பல் பிடுங்கும்போது, பிரசவத்தின்போது முதன்முதலாகத் தெரியவந்தால் ஆபத்து. சின்ன வயதிலேயே அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

பிறந்தநாள் அப்பா தன் மகளுக்கும் பார்த்துவிட்டார், கொஞ்சம் குறைவுதான். இப்போது அவள் முன்னால்தான் ஃபேக்டர் போட்டுக்கொள்கிறாராம். ஊசி எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடிப்பது அவள் வேலை. முப்பது வரைதான் எண்ணத் தெரியும் என்பதால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாளாம்.