தென் சென்னை: வென்றவர் பட்டியலும் வாக்காளர் பட்டியலும்

2024 ஏப்ரல் 19 அன்று இரவு 7 மணிக்கு வெளியான அறிவிப்பில் தென் சென்னை மக்களவைத் தொகுதியின் வாக்குப்பதிவு 67.82 சதவீதம். சென்னைவாசிகள் திருந்திவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பாராட்டு மழை பொழிந்தது. மறுநாள் அதே தொகுதிக்கு வந்த திருத்தம்: 54 சதவீதத்துக்குச் சற்று மேல். பாராட்டியவர்களே திட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது சில வாக்குச்சாவடிகளிலிருந்து செயலி வழியாக வந்த தகவலைக் கொண்டு போட்ட மதிப்பீடு, அவ்வளவுதான். உண்மைக் கணக்கு 17சி படிவத்தில் இருக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் எத்தனை வாக்கு பதிவானது என்று அதில் எழுதி, அங்கே இருக்கும் வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகல் தருவார். அதைக் கூட்டி முடிக்க நேரம் பிடிக்கும்.

நான் வழக்கறிஞன். தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், எந்தக் கட்சியிலும் சேராதவர் வந்தாலும், வாக்காளர் பட்டியல் தொடர்பான மனுக்களைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அந்த இரண்டு சதவீதங்களைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் நிறைய. வாக்களித்தவர்களை எதால் வகுத்தார்கள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இந்தத் தொகுதியின் வரலாறே எனக்கு அந்த வகுக்கும் எண்ணில், அதாவது பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

முதலில் எல்லோரும் பேசும் வரலாறு. 1952-ல் சென்னை என்ற தொகுதியிலும், 1957-ல் தென் சென்னையிலும் வென்றவர் காங்கிரஸின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1962-ல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன். 1967-ல் அண்ணாவே இங்கு நின்று ஜெயித்தார். முதலமைச்சரானதும் எம்.பி. பதவியை விட்டார். அந்த இடைத்தேர்தலில்தான் முரசொலி மாறன் மக்களவைக்குப் போனார், 1971-லும் அவரே.

இதை வைத்துத் தென் சென்னையைத் 'தி.மு.க. கோட்டை' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தக் கோட்டையில் 1971-க்குப் பிறகு 1996 வரை தி.மு.க. ஜெயிக்கவே இல்லை. 1977-ல் காங்கிரஸின் ஆர். வெங்கட்ராமன் மாறனைத் தோற்கடித்தார். அப்போது காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு கூட்டணி. 1980-ல் அதே வெங்கட்ராமன், அதே தொகுதி, கூட்டணி மட்டும் தி.மு.க.வோடு. அப்போதும் அவர்தான் ஜெயித்தார். எனவே கோட்டை யாருடையது என்ற கேள்விக்கு இங்கே அவ்வளவு எளிதில் பதில் கிடையாது. 1984-ல் இரா. செழியனை எதிர்த்து காங்கிரஸின் வைஜயந்திமாலா நின்று வென்றார். நாடாளுமன்றத்தில் பெயரெடுத்த ஒருவர் நடிகையிடம் தோற்றாரே என்று பழைய ஆட்கள் இன்றும் அங்கலாய்ப்பார்கள். 1989-லும் வைஜயந்திமாலாதான். 1991-ல் அ.தி.மு.க.வின் ஆர். ஸ்ரீதரன். பிறகு 1996, 1998, 1999, 2004 என நான்கு முறை தி.மு.க.வின் டி.ஆர். பாலு.

2009-ல் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரன் ஏறத்தாழ 33 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வந்தார். 2014-ல் அதே கட்சியின் ஜெ. ஜெயவர்தன். 2019-ல் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 2.62 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜனை 2.25 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து மீண்டும் வந்தார்.

இந்த வரிசையைப் படிக்கும்போது ஒரே தொகுதி ஆளை மாற்றிக்கொண்டே வந்ததுபோலத் தோன்றும். 2004-க்கும் 2009-க்கும் நடுவில் தொகுதியே மாறிவிட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நடந்த தொகுதி மறுவரையறை 2008-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின. (டி.ஆர். பாலுவும் 2009 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூருக்கே போனார்.) விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று மூன்று புதிய சட்டமன்றத் தொகுதிகள் பிறந்தன. சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூரோடு இவை மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய தென் சென்னை. ஆகவே '2004-ல் இத்தனை சதவீதம் வாங்கிய கட்சி 2009-ல் ஏன் சரிந்தது' என்று டி.வி.யில் பட்டை பட்டையாக வரைபடம் போட்டு அலசினால் சேனலை மாற்றிவிடுவேன். இரண்டு தேர்தலிலும் வாக்களித்தது ஒரே ஊர் அல்ல.

இதெல்லாம் பழைய கதை, நமக்கென்ன என்று நினைத்தவர்களுக்கு 2025 நவம்பரில் வேலை வந்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான (எஸ்.ஐ.ஆர்.) கணக்கெடுப்புப் படிவத்தில், முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது, அதாவது 2002 அல்லது 2005 பட்டியலில், உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்டிருந்தார்கள். வேளச்சேரியில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு பெரியவர் படிவத்தோடு வந்தார். "சார், வேளச்சேரின்னு போட்டா பழைய லிஸ்ட்ல தொகுதியே வரமாட்டேங்குது. நான் இந்த ஊர்ல இல்லாத மாதிரி ஆயிடுச்சு" என்றார். எப்படி வரும்? அந்தப் பெயரில் தொகுதி உருவாகும் முன்பே போட்ட பட்டியல் அது. பழைய சட்டமன்றத் தொகுதிகளின் தெருப் பட்டியலில்தான் அவர் தெருவைத் தேட வேண்டும். ஒரு மாலை முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தோம். அவர் மனைவியின் பெயர் வேறொரு பாகத்தில் இருந்தது. வீட்டு எண்ணும் பழைய எண். அந்த எண்ணை அவரே மறந்திருந்தார்.

அந்தத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வந்தது. தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். மாவட்டத்தின் முந்தைய பட்டியலில் இருந்தது சுமார் 40 லட்சம். விடுபட்டவர்களில் பெரும்பாலானோர் இடம் மாறியவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். இதில் எவ்வளவு நியாயமான நீக்கம், எவ்வளவு அவசர நீக்கம் என்ற சண்டைக்குள் இங்கே போகவில்லை. இரண்டு வகையையும் என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

இப்போது 2024 கணக்குக்கு வருவோம். தென் சென்னையில் வாக்காளர்கள் 20 லட்சத்துக்கு மேல். வென்றவர் பெற்றது 5.16 லட்சம். வாக்களிக்காத பெயர்கள் 9 லட்சத்துக்கும் மேல். நகரத்து மக்களுக்குப் பொறுப்பில்லை என்று தலையங்கம் எழுத இந்த எண் போதும். ஆனால் அந்த 9 லட்சமும் ஆட்களா? ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். பட்டியலில் 100 பெயர், வாக்களித்தவர் 54. அந்த நூறில் 20 பேர் இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பதிவானவர் என்றால், உண்மையான வாக்குப்பதிவு எண்பதுக்கு 54, அதாவது 67.5 சதவீதம். அன்று இரவு தப்பாக அறிவித்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. வேடிக்கைதான்.

சோம்பேறித்தனமே இல்லை என்று சொல்லவரவில்லை. 2019-ல் வாக்குப்பதிவு வியாழக்கிழமை, மறுநாள் புனித வெள்ளி. 2024-ல் வெள்ளிக்கிழமை. ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்ததை நானே பார்த்தேன். விடுமுறை கொடுத்தால் ஊருக்குப் போகிறார்கள், கொடுக்காவிட்டால் லீவு இல்லை என்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவுப்படி, வாக்குரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை தருவது நிறுவனத்தின் கடமை. 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று சொல்வது விடுமுறை ஆகாது.

பட்டியல் வீங்குவதில் நம் பங்கும் உண்டு. வீடு மாறியவர் 8-ஆம் படிவம் கொடுக்க வேண்டும். பலர் புதிய வாக்காளருக்கான 6-ஆம் படிவத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் படிவத்தில் 'என் பெயர் வேறு எங்கும் இல்லை' என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம். தெரிந்தே பொய்யாகப் போட்டால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. வாடகைக்கு விட்ட சொந்த வீடு இருக்கும் தொகுதியில் வாக்கு வேண்டும் என்று கேட்பவர்களும் வருவார்கள். வீடு உங்கள் பெயரில் இருப்பதனால் மட்டும் நீங்கள் அங்கே குடியிருப்பவர் ஆகமாட்டீர்கள் என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. எங்கே தங்கி வாழ்கிறீர்களோ, அங்கேதான் வாக்கு.

வாக்குப்பதிவு நாளில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "கார்டு கையில இருக்கு, லிஸ்ட்ல பேர் இல்லன்றாங்க." வாக்காளர் அட்டை அடையாளத்துக்கான சான்று மட்டுமே. வாக்களிக்கும் உரிமை பட்டியலில் பெயர் இருப்பதால் வருகிறது. பெயர் இருந்து அட்டை இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட் போன்ற வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் அன்று எந்த வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்கக் கூடாது என்பது அதே 1950 சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அதற்கு முன்னால் என்றால் வழி இருக்கிறது. வாக்காளர் பதிவு அலுவலர் பெயரைச் சேர்க்க மறுத்தாலோ நீக்கினாலோ 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு, அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். நோட்டீஸ் வந்ததா, எந்த முகவரிக்கு வந்தது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். வழக்கு அதில்தான் நிற்கும்.

சோழிங்கநல்லூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழகத்திலேயே அதிக வாக்காளர்கள் உள்ள சட்டமன்றத் தொகுதி உங்களுடையது. உங்களில் பலர் சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு என்றாலும், தேர்தல் வேலைக்குத் தொகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் வருகிறது. மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வரை போய்விட்டு 'இது எங்க லிமிட் இல்ல' என்ற பதிலோடு திரும்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பெயர் இருந்தும் சாவடியில் சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. 'வீட்டில் இல்லாதோர், இடம் மாறியோர், இறந்தோர்' என்ற தனிப் பட்டியலில் உங்கள் பெயர் குறிக்கப்பட்டிருக்கலாம். அதனால் வாக்குரிமை போய்விடாது. அடையாளத்தைச் சரிபார்த்து, உறுதிமொழியும் கைரேகையும் வாங்கிக்கொண்டு வாக்களிக்க விட வேண்டும். அடுத்தது, உங்கள் வாக்கை யாரோ முன்பே போட்டுவிட்டிருப்பது. அப்போது சத்தம் போடாமல், 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு (tendered vote) கேளுங்கள். இயந்திரத்தில் அல்ல, வாக்குச்சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள். 17பி படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தச் சீட்டு எண்ணிக்கை மேசைக்கு வராது. முடிவை எதிர்த்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட்டால், நீதிமன்றம் அதைப் பார்க்கலாம். 'அதெல்லாம் இங்க கிடையாது' என்று அலுவலர் சொன்னால், ஒவ்வொரு சாவடிக்கும் இதற்கென்றே 20 வாக்குச்சீட்டுகள் கொடுத்து அனுப்பப்படுகின்றன என்பதை நினைவூட்டுங்கள்.