ஒரு கிளிக்குக்கு விலை வைப்பது யார்?

'வாட்டர் ஹீட்டர் ரிப்பேர்' என்று கூகுளில் தேடினால், முடிவுகளுக்கு மேலே இரண்டு மூன்று விளம்பரங்கள் வந்து நிற்கும். அவை உங்கள் கண்ணில் பட்டதற்காக யாரும் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம். நீங்கள் ஒன்றைத் தொட்டால்தான் அந்த விளம்பரதாரரின் கணக்கிலிருந்து பணம் போகும். எவ்வளவு என்பதற்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. நீங்கள் தேடியதற்கும் பக்கம் திறந்ததற்கும் நடுவே, ஒரு நொடிக்குள் நடந்து முடிந்த ஏலம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் பில் கிராஸ். 1998-இல் அவர் தொடங்கிய கோடூ.காம் தேடுதளத்தில், ஒரு தேடுசொல்லுக்கு யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே முதலிடம். கிளிக் விழுந்தால் கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் அங்கே ஒருவர் கேட்ட விலை மற்றவர்களுக்கும் தெரியும். 50 சென்ட் கேட்டவர், அடுத்தவர் 30 சென்ட்தான் கேட்டிருக்கிறார் என்று பார்த்ததும் 31-க்கு இறங்கிவிடுவார். உடனே அந்த அடுத்தவர் 32-க்கு ஏறுவார். இதற்கென்றே மென்பொருள் எழுதி ஓடவிட்டார்கள். விலை சென்ட் சென்ட்டாக ஏறி, திடீரென்று சரிந்து, மறுபடி ஏறியது.

2002-இல் கூகுள் இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ஒன்று, வென்றவர் தான் கேட்ட விலையைக் கட்ட வேண்டாம். அந்த இடத்தைத் தக்கவைக்கத் தேவையான அளவு கட்டினால் போதும். இன்னொன்று, விலையை மட்டும் பார்க்காமல், மக்கள் அந்த விளம்பரத்தைத் தொடும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்ப்பது. என் கணிப்பில் இந்த இரண்டாவதுதான் இத்துறையின் மிக அழகான யோசனை.

எளிமையாக்கிய ஒரு கணக்கு போடலாம். முதல் கடை கிளிக்குக்கு 30 ரூபாய் தரத் தயார். ஆனால் 100 பேர் பார்த்தால் 2 பேர்தான் தொடுகிறார்கள். இரண்டாவது கடை 20 ரூபாய்தான் தரும். அதை 5 பேர் தொடுகிறார்கள். பெருக்கினால் முதல் கடைக்கு 60, இரண்டாவதற்கு 100. ஆக, குறைவாகக் கேட்டவர் மேலே வருகிறார். அவர் கட்டுவதும் 20 ரூபாய் அல்ல. 60-ஐத் தாண்டினால் போதும் என்பதால், 60-ஐ 5-ஆல் வகுத்து, 12 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டுவார். முதல் கடை பணத்தால் மட்டுமே ஜெயிக்க நினைத்தால் 50 ரூபாய்க்கு மேல் கேட்க வேண்டும்! இன்று விளம்பரத்துக்கும் தேடலுக்கும் உள்ள பொருத்தம், தொட்டால் திறக்கும் பக்கத்தின் தரம், தேடுபவர் இருக்கும் ஊர், அவர் கையில் உள்ள கருவி எல்லாம் கணக்கில் சேர்கின்றன. அடிப்படை இதுதான்.

சரி, 12 ரூபாய் மலிவா? தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. 40 கிளிக்குக்கு ஒருவர் வேலை கொடுத்தால், ஒரு வாடிக்கையாளருக்கு 480 ரூபாய் செலவு. ஒரு வேலையில் நிற்கும் லாபம் 300 ரூபாய் என்றால், விளம்பரம் ஓட ஓட நஷ்டம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் பணம் கட்டவே கூடாது. அப்புறம், எந்தெந்தத் தேடல்களுக்கு விளம்பரம் தோன்றியது என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். 'ரிப்பேர் வேலைவாய்ப்பு', 'நாமே ரிப்பேர் செய்வது எப்படி' என்று தேடியவர்களும் உங்கள் பணத்தில் வந்து போயிருப்பார்கள். அந்தச் சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தாலே செலவு குறையும்.

இணையதளம் வைத்திருப்பவருக்கு இதே பணம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. பிறர் தளங்களில் விளம்பரம் காட்டி, வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் 2003-இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு 2018-இல் வந்தது. நெடுங்காலம் கிளிக்கை வைத்தே பெரும்பாலும் பணம் தந்த ஆட்சென்ஸ், 2024 முதல் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குத் தருகிறது. கூகுள் வழியாக வாங்கப்படும் விளம்பரங்களில் தள உரிமையாளருக்குச் சேர்வது சுமார் 68 சதவீதம்.

தன் தளத்து விளம்பரத்தைத் தானே தொடுவது, நண்பர்களைத் தொடச் சொல்வது இரண்டும் கணக்கையே மூடவைக்கும் குற்றங்கள். அது சரியும்கூட, ஒவ்வொரு பொய்க் கிளிக்கும் எங்கோ ஒரு சிறு கடைக்காரரின் பணம். போலிக் கிளிக்குகளுக்கும் பணம் வாங்கியதாக அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில், 2006-இல் 9 கோடி டாலர் வரை தர கூகுள் ஒப்புக்கொண்டது. ஒரே இணைய இணைப்பிலிருந்து அடுத்தடுத்து வரும் கிளிக், மனிதக் கைக்கு முடியாத வேகம் போன்ற அடையாளங்களை வைத்து இன்று வடிகட்டுகிறார்கள். வடிகட்டியவற்றுக்குக் கட்டணம் இல்லை. விளம்பரதாரரின் அறிக்கையில் 'செல்லாத கிளிக்குகள்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால், அந்த எண்ணிக்கையை அவரே பார்க்கலாம்.