பிடி மாற்றப் போகிறீர்களா? மரத்தைப் பார்க்குமுன் கையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் மண்வெட்டிப் பிடி முறிவது பெரிய செய்தி அல்ல. கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண் பார்க்க மெத்தென்று இருக்கும், கொஞ்சம் ஆழமாகக் கொத்தினால் சுண்ணக்கல் ‘ணங்’ என்று பதில் சொல்லும். தகடு தாங்கிவிடும், பிடி தாங்காது. பிறகு ஸ்ரான்லி வீதியிலோ சுன்னாகத்திலோ ஒரு கடைக்குப் போய், சுவரில் சாத்தி வைத்திருக்கும் பிடிகளில் ஒன்றை இழுத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, என்ன மரம் என்று கேட்டு, விலை பேசி வாங்கி வருகிறோம். சப்பாத்து வாங்கும்போது காலைப் போட்டுப் பார்க்கிற நாங்கள், பிடி வாங்கும்போது கையைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பார்க்கத்தான் வேண்டும். கருவியைத் தாங்குவதோடு பிடியின் வேலை முடிவதில்லை. கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். கொத்தி முடித்த பின்னேரம் தேநீர்க் கோப்பையைத் தூக்கவே கை நடுங்குகிறது என்றால் பழியை மண்ணில் மட்டும் போடாதீர்கள். தேவைக்கு மேல் இறுக்கிக்கொண்டே நின்றிருக்கிறீர்கள், இறுக்க வைத்தது பிடி.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான நாண்கள் மணிக்கட்டுக்குள்ளால் வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. தசைக்குள் அக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று கொளுவி இழுபடும்போதுதான் விசை வருகிறது. தசை அளவுக்கு மேல் நீண்டிருந்தால் இழைகள் ஒன்றையொன்று போதிய அளவு தொடாது, அளவுக்கு மேல் சுருங்கியிருந்தால் இழுக்க இடமிருக்காது. நடுவில் ஒரு நீளத்தில்தான் முழு வலு. சந்தேகமாக இருந்தால் மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடித்து வைத்துக்கொண்டு ஒரு பொருளை இறுக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்து போகும். பிடியின் தடிப்பும் இதே கணக்குத்தான். மெல்லிய பிடியில் விரல்கள் சுருண்டு நகம் உள்ளங்கையைத் தொடும், தசைக்கு இழுக்க இடம் இருக்காது. பெருத்த பிடியில் விரல்கள் வளைந்து மூட முடியாமல் விரிந்தே நிற்கும். உள்ளங்கை முழுதாகச் சேர்த்துப் பிடிக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலான கைகளுக்கு 3 முதல் 5 சென்றிமீற்றர் விட்டம் சரி. அளவுகோல் தேவையில்லை, பிடியைச் சுற்றிப் பிடித்தால் பெருவிரல் நுனி சுட்டுவிரல் நுனிக்கு மேல் கொஞ்சமாக ஏறி விழ வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ஆனால் கடையில் இருக்கும் பிடிகள் பெரும்பாலும் ஒரு தடிப்பில்தான் வருகின்றன, அதுவும் பெரிய ஆண் கையை நினைத்துச் செய்தவை. வெங்காயத் தோட்டத்தில் கை சின்னதாக இருக்கிற ஒருவர் அதைப் பிடித்து நாள் முழுக்க வேலை செய்தால் அதே கொத்துக்கு அவருடைய தசை கூடுதலாக உழைக்க வேண்டி வரும். தடித்த பிடியைச் சீவி மெலிதாக்கலாம், மெலிந்ததைத் தடிப்பாக்குவது கரைச்சல். ஆகவே சந்தேகம் வந்தால் தடித்ததை வாங்கி உங்கள் கைக்குச் சீவி எடுங்கள். புல்லுச் செருக்கும் உழவாரத்துக்கு வேறு பிரச்சினை, பிடி கட்டையாக இருந்தால் அதன் முனை நேரே உள்ளங்கையின் நடுவில் குத்தும், தோலுக்குக் கீழே நரம்பும் இரத்தக் குழாயும் போகிற இடம் அது. பிடியின் முனை உள்ளங்கையைத் தாண்டி வெளியே நீண்டு நிற்க வேண்டும்.

1956இல் ஜோன் நேப்பியர் என்ற பிரித்தானிய உடற்கூற்றியலாளர் மனிதக் கை பொருள்களைப் பிடிப்பதை வலுப்பிடி, நுண்பிடி என்று இரண்டாகப் பிரித்து எழுதினார். பேனை பிடிப்பது நுண்பிடி, மண்வெட்டி பிடிப்பது வலுப்பிடி. வலுப்பிடியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சும்மா ஒட்டிக்கொண்டு வருபவை அல்ல, கருவியை உள்ளங்கையோடு பூட்டி வைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. கோடாலிப் பிடியின் அடி கொஞ்சம் புடைத்து நிற்பதற்கும் இதுதான் காரணம்: வீசும்போது கருவி கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கும், புடைப்பு சுண்டுவிரலில் வந்து முட்டி நிற்கும், விரல் அந்த அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை.

இனி அதிர்ச்சிக்கு வருவோம். தகடு கல்லில் படும்போது கைக்கு வருவது இரண்டு வேறு சாமான்: ஒன்று தள்ளல், மற்றது அதிர்வு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் “றப்பர் சுத்தினால் சரி” என்கிறோம்.

தள்ளலைத் தனியாகப் பார்க்க நல்ல உதாரணம் ரிவோல்வர். எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கும்வரை சாதாரண ஆளுக்கு அது எட்டாத பொருள், எட்டாமலே இருக்கட்டும். அமெரிக்காவில் உடைக்குள் மறைத்துக் கொண்டு போகும் சின்ன ரிவோல்வர்களுக்குப் பிடி மாற்றுவது ஒரு தனிக் கலையாகவே நடக்கிறது. பாரம் குறைந்த உலோகத்தில் செய்த ஒன்று சுமார் 430 கிராம் இருக்கும். அதிலிருந்து .38 ஸ்பெஷல் குண்டு, சுமார் 10 கிராம், விநாடிக்கு 230 மீற்றர் அளவில் வெளியேறுகிறது. முன்னால் போகிற உந்தத்துக்கு (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) சமமானது பின்னாலும் போக வேண்டும், ஆகவே துப்பாக்கி பின்னால் விநாடிக்கு 5 மீற்றருக்கு மேல் பாய வேண்டும், கூடவே வெளியேறும் வாயுவை இதில் சேர்க்கவே இல்லை. எந்தப் பிடியைப் போட்டாலும் இந்த உந்தம் குறையாது. மரப்பிடியோ றப்பர்ப்பிடியோ கை வாங்கித்தான் ஆக வேண்டும். பிடியால் செய்ய முடிந்தது, அதைக் கூடுதலான நேரத்துக்கும் கூடுதலான தோல் பரப்புக்கும் பரப்பிக் கொடுப்பது. துப்பாக்கியின் பின்முதுகையும் மூடிய தடித்த றப்பர் அதைத்தான் செய்கிறது. ஆனால் அதே றப்பர் சட்டைத் துணியில் ஒட்டிப் பிடித்துத் துருத்திக்கொண்டு தெரியும், வழுவழுப்பான மரம் துணிக்குள் வழுகிப் போகும். பிடி கட்டையானால் மறைப்பது சுகம், ஆனால் சுண்டுவிரலுக்கு இடமில்லை, பூட்டு தளர்ந்துவிடும். குழல் கைக்கு மேலே இருப்பதால் தள்ளல் நேரே பின்னால் மட்டும் வருவதில்லை, குழலின் வாயை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது; கை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் திருப்பம் குறையும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிடி என்று எதுவும் இல்லை.

மண்வெட்டியில் இந்தத் தள்ளலைக் குறைக்க ஓர் இலவச வழி இருக்கிறது. நீளமான கோல் ஒன்றின் நுனியில் அடி விழுந்தால், கோல் முழுவதும் ஒரே பக்கம் நகராது. நுனி ஒரு பக்கம் போக, மறு அந்தம் எதிர்ப்பக்கம் போகும், நடுவில் எங்கோ ஒரு புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும். சீரான கோல் என்றால் அந்தப் புள்ளி மறு அந்தத்திலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும். கை அங்கே இருந்தால் அடி உறைக்காது. மண்வெட்டிக்குத் தகடு வளைந்திருப்பதால் இடம் கொஞ்சம் மாறும், கண்டுபிடிப்பது எளிது: இரண்டு விரலால் பிடியை மெல்லப் பிடித்துக்கொண்டு தகட்டைக் கட்டாந்தரையில் தட்டுங்கள், பிடிக்கும் இடத்தை மாற்றி மாற்றித் தட்டினால் சுள்ளென்று அடிக்காத இடம் தெரிந்துவிடும். மிகக் கட்டையான பிடி வாங்கினால் அந்த இடத்துக்கும் உங்கள் கைக்கும் பொருத்தம் வராமல் போகலாம்.

அதிர்வு வேறு கதை. முறிந்து முறிந்து வெறுத்துப்போய் இரும்புக் குழாயை ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முறியாதுதான். ஆனால் இரும்பு மணி மாதிரி நீண்ட நேரம் அதிரும் உலோகம், மரத்துக்குள் நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்தச் சக்தியை வேகமாகத் தின்றுவிடும். தோலுக்குள் ஆழத்தில் இருக்கும் பசினியன் நுண்ணுறுப்புகள் விநாடிக்கு 200, 300 தடவை அளவிலான அதிர்வுகளை மிக நுட்பமாக உணரும், கல்லில் பட்டதும் விரலுக்குள் ஏறுகிற அந்தக் கூசல் பெரும்பாலும் அவற்றின் வேலை. இங்கேதான் பிடியில் சுற்றும் சைக்கிள் ரியூப் உதவுகிறது, வேகமான அதிர்வை மெல்லிய றப்பரும் ஓரளவு தடுக்கும். மண்வெட்டி அதிர்வால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் கிணறு வெட்டக் கொம்பிரசர் பிடிக்கிறவர்கள் கவனம். 1918இலேயே அலிஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இண்டியானாவில் சுண்ணக்கல் உடைத்த தொழிலாளர்களின் விரல்கள் காற்றழுத்தச் சுத்தியலால் வெளிறி மரத்துப் போவதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கேயும் சுண்ணக்கல்தான்.

சரி, ரியூப் சுற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. கொத்தும்போது ஒரு கை பிடியில் வழுகி மேலும் கீழும் போய் வருகிறது. அந்த இடத்தில் றப்பர் இருந்தால் தோலின் மேற்பரப்பு றப்பரோடு நிற்க, உள்ளே இருக்கும் எலும்பு நகரும். நடுவில் மாட்டிய தோலடுக்கு கிழிந்து அதற்குள் நீர் சேரும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது. கை இலேசாக வியர்த்திருந்தால் உராய்வு இன்னும் கூடும். ஆகவே றப்பர் நிலையாக நிற்கும் கைக்கு மட்டும், வழுகும் கைக்கு வெறும் மரம்.

மரம் எது என்பது கடைசிக் கேள்வி. புளி நல்லது, விண்ணாங்கு கிடைத்தால் விடாதீர்கள். மரப் பெயரை விட நார் ஓடும் திசை முக்கியம், நார் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும், நடுவில் பக்கவாட்டில் ஓடி வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். பெரிய பலகையில் அறுத்தெடுத்த வழுவழுப்பான பிடிகளில் இது அடிக்கடி நடக்கும், நேரான கொப்பில் செதுக்கியது அசிங்கமாக இருந்தாலும் நார் முழுதாக இருக்கும்.

மாரியில் போட்ட பிடி சோளகக் காற்றில் ஆடத் தொடங்கும், ஏனென்றால் மரம் நீளத்தில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். வாளித் தண்ணீரில் ஊறப் போடுவது பழைய வைத்தியம், அன்றைக்கு இறுகும். ஆனால் ஊதும் மரம் இரும்பில் நெருக்குண்டு நார்கள் நசிந்துவிடும், காய்ந்ததும் முன்பை விட லூசாகும். நன்றாகக் காய்ந்த பிடியை வாங்கி ஆப்பு வைத்து இறுக்குங்கள். மேலே வார்னிஷ் வேண்டாம், வியர்த்த கையில் அது ஒட்டும். லின்சீட் ஒயில் பூசலாம், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, பிசுக்காகவே கிடக்கும். ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், இறுகும்போது வெளிவரும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய விட்டுப் பிறகு எறியுங்கள்.