பொட்டலத்துக்குள் எந்த நாகம்?

சித்த மருத்துவம் படித்து, குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் மருத்துவம் பார்த்துவரும் நான், உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பொடிகளான பற்பத்தையும் செந்தூரத்தையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேவைப்படும் நோயாளிகளுக்கு அவற்றை நானே எழுதிக் கொடுக்கிறேன். செய்தவர் யார், சேர்ந்தது என்ன என்று தெரியாமல் தாளில் மடித்துக் கைமாறும் பொடிகளைப் பற்றியே என் கவலை.

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் வெட்டும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நான்கு மாதமாக வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், சோர்வு என்று வந்தார். ஏற்கெனவே எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்து, புண் எதுவும் இல்லாதபோதும் அல்சர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தசோகை இருந்தது, இரும்புச்சத்து மாத்திரைக்கு அது மசியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னபோது, கீழ்ப்பற்களின் ஈறோரமாகப் பென்சிலால் இழுத்ததுபோல் நீலங்கலந்த கறுப்புக் கோடு தெரிந்தது. வேறு மருந்து சாப்பிடுவதுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றவர், லேகியமா, சூரணமா, பொடியா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்ட பிறகே, மூலத்துக்காக ஆறு மாதமாகத் தேனில் குழைத்துத் தின்றுவந்த பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "இது பச்சிலை மருந்துதானே டாக்டரே, ஒண்ணும் செய்யாதுல்லா?"

சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் காணப்படுவதாக ஆய்வகத்தில் குறித்து அனுப்பினார்கள். அடுத்து எடுத்த சோதனையில் ரத்தத்தில் ஈயம் பல மடங்கு ஏறியிருந்தது. பொடியை நிறுத்தி, ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் சிகிச்சைக்காக அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

பொட்டலத்தின்மேல் பேனாவால் 'நாக பஸ்மம்' என்று எழுதியிருந்தது. பற்பத்தைத்தான் ஆயுர்வேதத்தில் பஸ்மம் என்பார்கள். நம் மாவட்டத்தில் இந்தப் பெயரே ஒரு பொறி. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். மூலத்துக்கு நாங்கள் கொடுக்கும் நாக பற்பம் அதிலிருந்து செய்யப்படுவது. ஆயுர்வேதத்திலோ நாகம் என்பதே ஈயம். துத்தநாகத்துக்கு அங்கே யசதம் என்று பெயர். 1956 வரை மலையாள நாட்டோடு சேர்ந்திருந்து, இரண்டு மரபையும் ஒரே தெருவில் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், வைத்திய ஆசான் ஒருவர் வாயால் சொன்ன பெயரைக் கேட்டு இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் உலோகமே மாறிவிடும். நன்றாக முடிந்த பற்பம் விரல் ரேகையில் பதியும், நீரில் மிதக்கும் என்பது நாங்கள் படித்த சோதனை. அது பொடியின் நுண்மையைச் சொல்லுமே தவிர, உடலில் எவ்வளவு ஈயம் சேரும் என்பதைச் சொல்லாது. இதை ஒப்புக்கொள்வதில் எங்கள் துறையினருக்குத் தயக்கம் தேவையில்லை.

உலோகம் சேராத வெறும் மூலிகைதானே என்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைப்பதற்காக மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு செடியின் வேர் மருந்தில் சேர்ந்திருந்தது. அங்கும் ஏமாற்றியது பெயர்தான். அந்தச் செடியின் பேரினத்தைச் சேர்ந்ததே நம் ஊர் ஈஸ்வரமூலி. இவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பேறச் செய்வதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பாட்டி காலத்திலிருந்து வருகிறது என்பதற்காக அதைக் கஷாயம் வைத்துக் குடிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் வேரும் விதையும் சரியாகக் காய்வதே அரிது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் சேரக்கூடும். இடித்துப் பொடியாக்கிய பின் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் ஸ்டீராய்டு கலப்படச் சந்தேகம்தான் வரும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் இந்தியா கட்டாயமாக்கியது. மடித்துத் தரும் பொட்டலத்துக்கு எந்தச் சோதனையும் இல்லை. உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை அச்சிடப்படாத மருந்தை வாங்காதீர்கள். பாதரசம், தாளகம் என்னும் ஆர்சனிக் தாது, சேராங்கொட்டை போன்ற நச்சுச் சரக்குகள் சேர்ந்திருந்தால், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் அட்டையில் இருக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். தூக்கி எறிந்துவிட்டால் சோதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

குலசேகரத்துக்காரர் மூன்றாம் முறை வந்தபோதுதான், தன் மனைவியும் அதே பொடியை இரண்டு வாரம் சாப்பிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கும் அன்றே ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தேன்.