கோமா: வால்மீனின் முகில்

வால்மீன் செய்திகளில் ‘கோமா’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கு நினைவிழந்து கிடக்கும் நோயாளிதான் கண்முன் வருவார். இரண்டும் வேறு சொற்கள். மருத்துவக் கோமா, ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் நெடில் ஓகாரக் கிரேக்கச் சொல். வால்மீனுக்கு உரியதோ ‘கொமே’ என்ற குறில் ஒகரச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது, பொருள், தலைமுடி. வால்மீனின் ஆங்கிலப் பெயரான ‘காமெட்’டும் அதே வேரில் பிறந்ததுதான்: நீள்முடி உடையது. கிரேக்கர் முடியைக் கண்ட இடத்தில் நம்மவர் புகையைக் கண்டார்கள். சிலப்பதிகாரம் ‘புகைக்கொடி’ என்கிறது. வடமொழித் தூமகேதுவுக்கும் இதே பொருள்தான்.

சூரியனை நெருங்கும்போது வால்மீனின் நடுவில் இருக்கும் திண்மப் பகுதியான உட்கருவில் உள்ள பனி நேரடியாக ஆவியாகித் தூசியோடு சேர்ந்து சுற்றிலும் பரவுகிறது. அதுவே கோமா. தமிழில் சிலர் இதைத் ‘தலை’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது, உட்கருவும் கோமாவும் சேர்ந்ததுதான் தலை. ‘கூந்தல்’ என்றால் வாலோடு குழம்பும்.

கோமாவுக்குத் தமிழ்ப்பெயராக எனக்கு ‘முகில்’ என்பதே சரியாகப் படுகிறது. அதற்கான சான்று புற ஊதா ஒளியில் கிடைத்தது. வெயில் பட்டு நீராவி மூலக்கூறுகள் உடைய, ஹைட்ரஜன் அணுக்கள் பிரிந்து வெகுதொலைவு பறக்கின்றன. அவை சூரிய ஒளியை 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் சிதறடிக்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. பூமியின் காற்று மண்டலமும் அதை விழுங்கிவிடும். எனவே கருவி விண்வெளிக்குப் போயாக வேண்டும். 1970இல் அமெரிக்காவின் ஓ.ஏ.ஓ.-2 விண்கலம் டாகோ-சாட்டோ-கோசாகா வால்மீனைப் புற ஊதாவில் நோக்கியபோது, அதைச் சூழ்ந்து சூரியனைவிடப் பெரிய ஹைட்ரஜன் முகில் இருப்பது தெரிந்தது. சில கிலோமீட்டர் அகலமே உள்ள பனிக்கட்டியிலிருந்து இவ்வளவு! 1997இல் ஹேல்-பாப் வால்மீனின் முகில் சுமார் 10 கோடி கிலோமீட்டர் அகலம் என்று சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் ஸ்வான் என்ற புற ஊதாக் கருவி காட்டியது. ஹைட்ரஜன் சிதறடிக்கும் அந்தப் புற ஊதா ஒளியின் அளவைக் கொண்டு வால்மீன் நொடிக்கு எவ்வளவு நீரை இழக்கிறது என்றுகூடக் கணக்கிடலாம்.

‘முகில்’ என்று வைத்துக்கொண்டால் தூசிமுகில், வளிமுகில், ஹைட்ரஜன் முகில் என்று பிரித்துச் சொல்லவும் எளிது. முதல் முறை எழுதும்போது ‘வால்மீன் முகில்’ என்று முழுதாக எழுதினால் மழைமேகத்தோடு குழப்பம் வராது.