கரேஸ்: கிணறு அன்று, சுருங்கை

கரேஸ் (பெயர்ச்சொல்): மலையடிவாரச் சரளை நிலத்தின் அடியில் ஓடும் நீரை, இறைக்காமல், சரிவை மட்டும் நம்பி ஊர் வரைக்கும் கொண்டுவரும் நிலத்தடி நீர்வழி. மூலம் பாரசீகம். உய்குர் மொழியில் காரிஸ். சீனத்தில் கான்-அர்-ஜிங். பரிந்துரைக்கும் தமிழ்ச் சொல்: சுருங்கை.

சீனப் பெயரின் முதற்பகுதி ஒலிபெயர்ப்பு மட்டுமே. கடைசியில் ஒட்டிய 'ஜிங்' என்பதற்குக் கிணறு என்று பொருள். அந்த ஒட்டைப் பார்த்துத்தான் தமிழில் 'கரேஸ் கிணறுகள்' என்று எழுதிவிடுகிறார்கள். கிணறு என்றால் ஏற்றம், மாடு கட்டி இறைக்கும் கவலை, மோட்டார் ஏதாவது ஒன்று வேண்டும். நீர் மேலே ஏற வேண்டும். கரேஸில் நீர் ஒரு சாண்கூட மேலே ஏறுவதில்லை. மேலிருந்து பார்க்கும்போது தெரியும் குழிகள் நீர் எடுப்பதற்கானவை அல்ல. தோண்டிய மண்ணை வெளியேற்றவும், காற்று போகவும், பிறகு ஆள் இறங்கித் தூர் வாரவும் வைத்தவை.

இந்தச் சொல் புழங்கும் இடங்களில் ஒன்று சீனாவின் சின்ஜியாங்கில், துர்பான் பள்ளத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஷான்ஷான். அதன் ஆட்சிப் பிரிவுக்குச் சீனத்தில் 'சியென்' என்று பெயர். துர்பான் நகராட்சிக்குக் கீழே வருவதால் அதை 'மாவட்டம்' என்பதைவிட 'வட்டம்' என்பதே படிநிலைக்குப் பொருந்தும். பரப்பைப் பார்த்தால் இந்தச் சொல் சிறுத்துப்போகும் என்பது உண்மைதான்: ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. பெரும்பகுதி சரளையும் கும்தாக் பாலைவன மணலும். மக்கள் பசுந்திட்டுகளில் மட்டும் வாழ்கிறார்கள்.

ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. உய்குர் மக்கள் இவ்வூரைப் பிச்சான் என்பார்கள். ஷான்ஷான் என்பது பழைய லோலான் அரசுக்கு கி.மு. 77இல் ஹான் பேரரசு சூட்டிய பெயர். அந்த அரசு இருந்தது தெற்கே, லோப் நோர் ஏரிப்புறத்தில். அங்கே கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் அரசாங்க எழுத்து வேலை, பழைய வடமேற்கு இந்தியாவின் கரோஷ்டி எழுத்தில், காந்தாரப் பிராகிருத மொழியில் நடந்தது. இலங்கைக்குப் பின்னாளில் வந்து தங்கிய சீனத் துறவி பாசியான் அந்த ஷான்ஷானைக் கடந்துதான் இந்தியா போனார். 1902இல் சீனாவை ஆண்ட சிங் அரசு பிச்சானில் வட்டம் அமைத்தபோது இந்தப் பழம்பெயரை எடுத்து அங்கே வைத்தது. ஆகவே பழைய நூல்களில் ஷான்ஷான் என்று வந்தால் இன்றைய ஷான்ஷானைத் தேடக்கூடாது.

துர்பான் பள்ளத்தில் ஆண்டு மழை சுமார் 16 மி.மீ.; நம் ஊர்க் கோடை மழை ஒன்றே அதைத் தாண்டிவிடும். பள்ளத்தின் அடியிலுள்ள ஐதிங் ஏரி கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. வடக்கே தியான்ஷானின் போக்தா மலை 5,445 மீட்டர் உயர்கிறது. அங்கே உருகும் பனிநீர், அடிவாரத்தில் விசிறிபோல் பரந்த சரளையில் இறங்கி மறைந்துவிடும். நடுவே குறுக்கே படுத்திருக்கும் செம்மலை, 'தீமலை' என்று பெயர் பெற்றது, நிலத்தடி ஓட்டத்தைத் தடுத்து மேலே தள்ளுகிறது. நீர் உண்டு, ஆனால் வெயிலில் விட்டால் போய்விடும். அதனால்தான் வழி மண்ணுக்குள்.

வெட்டும் முறை இது. முதலில் மேட்டில் தாய்க்குழி ஒன்றைத் தோண்டி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு வெட்டு ஊர்ப்பக்கத் தாழ்விலிருந்து மேட்டை நோக்கிப் போகும். அப்போதுதான் ஊறும் நீர் வெட்டுபவரின் முதுகுப்பக்கம் வடிந்து வெளியேறும். இறங்குகுழிகள் தாழ்வில் 10, 20 மீட்டருக்கு ஒன்று, மேட்டில் 60 மீட்டருக்கும் மேல் இடைவெளி விட்டு. ஆழமான குழியை வெட்டுவது செலவு என்பதால் இந்த வேறுபாடு. நிலம் கிலோமீட்டருக்கு 20 மீட்டர் சரிகிறது, சுருங்கை 3 மீட்டர் மட்டும் சரிகிறது என்று வையுங்கள். நான்கு கிலோமீட்டரில் சுருங்கை தரைக்கு 68 மீட்டர் கீழே இருக்கும். சரிவு அதிகமானால் நீர் தரையை அரித்துச் சுவரைச் சாய்க்கும். குறைந்தால் வண்டல் படியும்.

இருட்டில் நேர்கோடு பிடிப்பதற்கு எண்ணெய் விளக்கு. விளக்கைப் பின்னால் குழியின் நடுவில் தொங்கவிட்டு, வெட்டுபவர் தன் நிழலையே வெட்டிக்கொண்டு போவார். நிழல் ஓரம் சாய்ந்தால் வழி விலகுகிறது என்று பொருள். சுடர் மங்கினால் காற்று போதவில்லை என்று அறிந்து உடனே மேலேறிவிட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு குழிகளில் கயிற்றில் கட்டிய கோல்களை இறக்கித் திசை காட்டும் முறையும் உண்டு. மண்ணை உருளையில் கயிறு சுற்றி மேலே இழுத்து, குழிவாயைச் சுற்றிக் கரையாகக் கொட்டுவார்கள். வானிலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகள் வரிசை கட்டியதுபோல் தெரிவது இந்தக் கரைதான். திடீர் வெள்ளமும் மணலும் உள்ளே விழாமல் அது தடுக்கிறது.

சுருங்கைக்குள் இரண்டு பகுதிகள். நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பது ஊறும் பகுதி. அதிலிருந்து ஊர் நோக்கிச் செல்வது கடத்தும் பகுதி. கடத்தும் பகுதியில் நீர் கூடாது, கசிந்து குறையவே செய்யும். வெளியே வந்த நீர் சிறு வாய்க்கால் வழியே 'லாவ்பா' எனும் குட்டையில் தங்கும். சேர்த்துவைப்பதற்கு மட்டுமல்ல, நிலத்தடி நீர் குளிர்ந்தது, நேராகப் பாய்ச்சினால் இளம்பயிர் வாடும். குட்டையில் வெயில் பட்டு வெதுவெதுப்பான பிறகே திராட்சைத் தோட்டத்துக்குப் போகும்.

கெடுவது பெரும்பாலும் குளிர்காலத்தில். குளிர்காற்று குழிக்குள் இறங்க, ஈரச்சுவர் உறைவதும் உருகுவதுமாகப் பெயர்ந்து விழும். எனவே குழிவாயைக் கிளை, நாணல், மண் போட்டு மூடிவைப்பார்கள். மண் நெகிழ்ந்த இடத்தில் மரச்சட்டம் கொடுப்பது பழைய வழக்கம். இப்போது முட்டை வடிவக் கான்கிரீட் வளையங்கள். தூர் வாருவதை ஓர் ஆண்டு விட்டாலும் வண்டல் நீரைக் கட்டி நிறுத்தும், கட்டிய நீர் சுவரைக் கரைக்கும்.

இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று சுற்றுலாப் பலகைகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹான் காலத்தில் குன்றின் அடியே குழிகளை இணைத்து வெட்டிய கால்வாயை மூலமாகக் காட்டுவார்கள். ஆனால் அது ஆற்றுநீரைக் கடத்தியது. ஊற்று நீரைச் சேர்க்கவில்லை. துர்பான் கல்லறைகளில் கிடைத்த பழைய ஆவணங்களில் வாய்க்கால் பேச்சு நிறைய இருந்தும், கரேஸ் என்று உறுதியாகக் கொள்ளத்தக்கது இல்லை. சொல் பாரசீகமாக இருப்பதும் மேற்கையே காட்டுகிறது. 1839இல் அபினியை அழித்ததற்காகப் பெயர்பெற்று, பின் நாடுகடத்தப்பட்ட சிங் அரசு அதிகாரி லின் சேசு, 1845இல் துர்பான் வழியே போனபோது வரிசைக் குழிகளைக் கண்டு விசாரித்தார். 'கா-ஜிங்' என்று குறித்துக்கொண்டு, மண்ணைத் துளைத்து நீர் ஓடுவது நம்பமுடியாத காரியம் என்று நாட்குறிப்பில் எழுதினார். அவர் இதைப் பரப்பினார், உண்டாக்கவில்லை.

இனித் தமிழ்ச்சொல். 'சுரங்கம்' என்று எழுதலாமே எனலாம். காசர்கோட்டுப் பக்கம் செம்புரைக்கல் குன்றில் கிடையாகக் குடைந்து நீர் எடுக்கும் வழிக்குச் சுரங்கம் என்றே பெயர். ஆனால் தமிழ்ப் பேச்சில் அச்சொல் நிலக்கரிக்கும் பாதைக்கும் போய்விட்டது. 'ஊற்றுக்கால்' நல்ல சொல். பாலாற்றுப் படுகையில் அது திறந்த வாய்க்கால். 'சுருங்கை' நிலத்தடி வழி, நீர்வழி என்ற இரண்டு பொருளையும் தாங்கும். மணிமேகலை 'சுருங்கைத் தூம்பு' என்று கழிவுநீர் ஓடும் வழியைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் 'சுருங்கை வீதி' யானைகள் போகும் நிலத்தடி வழி. பரிபாடலில் மதுரை மதிலுக்குள் வையை நீர் வருவதும் சுருங்கையில்தான். வடமொழியில் இது சுருங்கா. கிரேக்கத்தில் குழல் என்று பொருள்படும் 'சிரிங்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்று பலர் கருதுகிறார்கள். வந்த வழி எதுவானாலும் தமிழில் நீரோடு பழகிய சொல்.

கரேஸையும் கிணற்றையும் வேறு வேறு சொல்லால் எழுதுவதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நொடிக்கு 10 லிட்டர் தரும் ஒரு சுருங்கை ஒரு நாளில் 864 கனமீட்டர் தரும், இரவும் குளிர்காலமும் சேர்த்து. மூடிவைக்க முடியாது என்பது அதன் குறை. அந்தக் குறையைக் காட்டித்தான் ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டாரும் வந்தன. மலையோடைகளை மேட்டிலேயே அணை கட்டி நிறுத்தியதும் சேர்ந்துகொண்டது. நீர்மட்டம் இறங்கியதும் ஊறும் பகுதி காய்ந்து கடத்தும் பகுதியாகிவிடுகிறது. மேலும் மேட்டுக்கு வெட்டி நீட்டினால் நீர் கிடைக்கும். ஒவ்வொரு நீட்டலும் இன்னும் ஆழம். இங்கே கரேஸையும் கிணறு என்று எழுதினால் 'கிணறுகளால் கிணறுகள் வற்றின' என்று வாக்கியம் உளறும். 2006இல் சின்ஜியாங் இயற்றிய பாதுகாப்பு விதி இரண்டையும் பிரித்தே பேசுகிறது: சுருங்கையின் முதல் இறங்குகுழிக்கு மேலும் கீழும் 2 கிலோமீட்டர், இருபுறமும் 700 மீட்டர் எல்லைக்குள் புதிதாக மோட்டார் கிணறு தோண்டக்கூடாது.