பாக்கி இருக்கும்போதே கிரையம் எழுதிக் கொடுக்கிறீர்களா?

வீட்டை விற்றுவிட்டுப் பணம் முழுவதும் கைக்கு வராமல் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது கிரையப் பத்திரத்தின் இரண்டாம் பக்கம். பெரும்பாலும் அங்கே ஒரு வரி இருக்கும்: “மேற்படி கிரையத் தொகை முழுவதையும் இன்று சாட்சிகள் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்…” பழைய பத்திரங்களைப் பார்த்து எழுதி எழுதிப் பழகிப்போன வரி. எழுதுகிறவர் கேட்காமலே போட்டுவிடுவார், விற்கிறவர் வாசிக்காமலே கையெழுத்திட்டுவிடுவார். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து, “இன்னும் 18 லட்சம் தரணும் சார், இப்ப போனே எடுக்க மாட்டேங்கான்” என்பார்.

தவணைக்கு வீடு விற்பது நம் மாவட்டத்தில் அபூர்வமான காரியம் இல்லை. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் நல்ல வீடாக இருக்கும். ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கும், அல்லது மாடி அனுமதி வாங்காமல் கட்டியதாக இருக்கும். வங்கி கடன் தராது. வாங்க வருகிறவரும் கடலுக்குப் போகிறவர், ரப்பர் வெட்டுகிறவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என்று இருப்பார். கையில் வருமானம் உண்டு, காட்டச் சம்பளச் சீட்டு இருக்காது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “பாதி இப்போ, மீதியை ரெண்டு வருசத்துல தந்திருவேன்” என்று முடிப்பார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டமும் தடுக்கவில்லை. கிரையத்துக்கு விலை முழுவதும் அன்றைக்கே கைமாற வேண்டும் என்பதில்லை. பிறகு தருகிறேன் என்ற வாக்குறுதியின் மேலும் கிரையம் நடக்கலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே சொல்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாக்கி இருந்தாலும் கிரையம் கிரையம்தான். பதிவானதும் வீடு வாங்கியவருடையது. அவர் தவணையை நிறுத்திவிட்டார் என்பதற்காக வீடு உங்களிடம் திரும்பி வராது. “பத்திரத்தை கேன்சல் பண்ணிரலாம்லா சார்?” என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. முடியாது. விற்றவர் தன்னிச்சையாக எழுதும் ரத்துப் பத்திரத்தைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கு ஒன்றை நான் எல்லோருக்கும் சொல்வேன். 2009-இல் நிலம் விற்ற குடும்பம், விலையை 36 காசோலைகளாகப் பெற்றதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. அதில் 6 காசோலைகளுக்குத்தான் பணம் வந்தது, மற்றவை போலி என்று 2014 கடைசியில் வழக்குப் போட்டார்கள். பணம் வராதது உண்மையாகவே இருந்தாலும் கிரையம் செல்லாமல் போகாது, பணத்துக்கு வழக்குப் போடலாமே தவிர நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது, வழக்கும் காலம் கடந்தது என்று சொல்லி 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. விசாரணைக்கே போகாமல் மனு தள்ளுபடி ஆனது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் விற்றவருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விலை பாக்கி இருக்கும்வரை அந்தச் சொத்தின் மேலேயே விற்றவருக்கு ஒரு பற்றுரிமை தருகிறது. பாக்கியும் வட்டியும் கேட்டு வழக்குப் போடலாம், தராவிட்டால் நீதிமன்றம் மூலம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். இதற்குக் கால வரம்பு 12 ஆண்டு. சொத்தைத் தொடாமல் வாங்கியவரிடம் மட்டும் பாக்கியை வசூலிக்கும் வழக்கு என்றால் 3 ஆண்டுதான்.

ஆனால் அந்த இரண்டாம் பக்க வரி இந்த உரிமையின் கழுத்தைப் பிடிக்கிறது. வாங்கியவர் வீட்டை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டார் என்று வையுங்கள். பாக்கி இருப்பது தெரிந்து வாங்கியவரையும், விலை கொடுக்காமல் பெற்றவரையும் உங்கள் பற்றுரிமை கட்டும். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டாது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கையெழுத்தோடு பத்திரம் சொல்லும்போது, அவருக்குப் பாக்கி தெரியும் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் சுத்தமாகத்தான் வரும். அந்தப் பத்திரத்தை வைத்து வாங்கியவர் வங்கியில் கடன் எடுத்திருந்தாலும் இதே கதைதான். பணம் வரவில்லை என்று சாட்சியம் சொல்ல வழி இருக்கிறது. நிரூபிக்கும் சுமை மட்டும் முழுக்க உங்கள் தலையில்.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று நூற்றுக்கு 9 ரூபாய் போகிறதே என்று அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரம் எழுதுகிறார்கள். பேசிய விலை 40 லட்சம், பத்திரத்தில் 14 லட்சம். கையில் வாங்கியது 20 லட்சம். மீதி 20 லட்சத்துக்கு நீதிமன்றத்தில் என்னத்தைக் காட்டுவது? பத்திரத்தின்படி உங்களுக்கு வர வேண்டியதைவிட 6 லட்சம் அதிகமாகவே வந்திருக்கிறது. எழுதிப் பதிந்த விலையை வாய்ச் சாட்சியத்தால் மாற்ற சாட்சியச் சட்டம் இடம் தராது. தீர்வையில் மிச்சம் பிடித்தது வாங்கியவர், மாட்டிக்கொண்டது விற்றவர். எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்பார்கள். பாக்கி வைத்து விற்கிறவர் மட்டும் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

சரி, கிரையம் எழுதாமல் ஒப்பந்தம் மட்டும் போட்டு வீட்டைக் கொடுத்தால்? கொஞ்சம் மேல், உரிமை உங்களிடமே இருக்கிறதல்லவா. ஆனால் சாவி போய்விட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒற்றிக்கு வீடு விட்டுப் பழக்கம் உண்டு. ஒரு காகிதத்தை எழுதிவிட்டு வேறொருவரைக் குடியேற்றுவது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஒற்றியில் வீட்டுக்காரர் கையில் பணம் முழுவதும் இருக்கும், குடியிருப்பவர்தான் அதற்காகக் காத்திருப்பார். இங்கே காத்திருப்பவர் வீட்டுக்காரர்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவான ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் பெற்றவருக்கு சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஏ பிரிவு ஒரு கேடயம் தருகிறது: தன் பங்கைச் செய்யத் தயாராக இருக்கும்வரை அவரை வெளியேற்ற முடியாது. கிரையம் எழுதித் தரக் கேட்டு வழக்குப் போடும் 3 ஆண்டுக் கெடுவை அவர் தவறவிட்டாலும் அந்தக் கேடயம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தவணையே கட்டாதவர் எப்படித் தயாராக இருந்தவர் ஆவார் என்று நீங்கள் வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு முன் முறையாக நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும், சுவாதீனம் கேட்டு வழக்குப் போட வேண்டும், சொத்தின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 40 லட்சம் வீட்டுக்கு அதுவே 1,20,000 ரூபாய். குழித்துறையோ பத்மநாபபுரமோ நாகர்கோவிலோ, முதல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீடு, அப்புறம் மதுரைக் கிளை. அத்தனை நாளும் அவர் உங்கள் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பார்.

பொறுமை இழந்து, குடியேறியவர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில், யாருக்கு உரிமை என்று பார்க்காமலே, வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரலாம். வந்தார். விற்றவர் மேல் காவல் நிலையத்தில் ஒரு புகாரும் கூடுதலாக வந்தது.

“ரெண்டு தவணை தவறினா கட்டினது முழுசும் எனக்கு” என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அந்த வரி அப்படியே செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அச்சாரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றே வைத்தாலும், அதற்குமேல் வாங்கிய தவணைகளை, வீட்டை அனுபவித்ததற்குக் கழித்துக்கொண்டு, திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அதற்குள் அந்தப் பணம் மகள் கல்யாணத்தில் போயிருக்கும்.

வங்கிக் கடன் உள்ள வீட்டை விற்பது தனி வகை. வளைகுடாவில் இருந்தபோது கடன் எடுத்துக் கட்டிய வீடு. வேலை போய் ஊர் திரும்பியாயிற்று. வாங்குகிறவர் கொஞ்சம் ரொக்கம் கொடுத்து, “மீதி லோனை நான் மாசாமாசம் அடைச்சுக்கிடுதேன்” என்று குடியேறுவார். வங்கிக்குத் தெரியாது. அசல் பத்திரம் வங்கியில். அவர் நிறுத்தினால் 90 நாளில் கணக்கு வாராக்கடன் ஆகும், பிறகு வங்கிகளின் கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி (SARFAESI) சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். எந்த முகவரிக்கு? கடன் எடுத்தபோது கொடுத்த முகவரிக்கு, அதாவது விற்ற வீட்டுக்கே. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்வதோ, “ஆள் இல்லை” என்று திருப்பி அனுப்புவதோ அங்கே குடியிருக்கிறவர் விருப்பம். விற்றவருக்குத் தெரிய வரும்போது அவர் பெயரில் கடன் வரலாறு கெட்டு, ஏல அறிவிப்புவரை போயிருக்கும். வங்கியை வைத்துப் பேசி, கடனை முறைப்படி வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது என்றால் இந்த வியாபாரத்தை விட்டுவிடுங்கள். வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பவர் (பொது அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பவர் எழுதிக் கொடுப்பதே கிரையம் ஆகிவிடாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே பவரை வைத்து அவர் வேறொருவருக்கு உங்கள் பெயரில் கிரையம் எழுதிக் கொடுக்க முடியும்.

தவணைக்குத்தான் விற்றாக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. உண்மையான விலையைப் போட்டுக் கிரையப் பத்திரம். அதில் பெற்றது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிகளில் தர வேண்டும், அதுவரை சொத்தின் மேல் விற்றவருக்குப் பற்றுரிமை உண்டு என்று தெளிவாக எழுத வேண்டும். கையோடு அதே நாளில், அந்தப் பாக்கிக்காக வாங்கியவர் உங்களுக்கு ஒரு அடமானப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் வில்லங்கச் சான்றில் அடமானம் தனி வரியாக நிற்கும்; அதைப் பார்த்துவிட்டு எந்த வங்கியும், விவரமான எந்த ஆளும் உங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள். பாக்கி தீர்ந்ததும் ரசீது எழுதிப் பதிந்து கொடுத்துவிடலாம். நேர்மையாகக் கட்டி முடிக்கும் வாங்குபவருக்கும் இது நல்லது. வீடு அவர் பெயரில் முதல் நாளே வந்துவிடுகிறது, விற்றவர் இறந்துபோனால் வாரிசுகளிடம் அலைய வேண்டியதில்லை.

இதற்கு வாங்குபவர் சம்மதிக்காவிட்டால், சாவியை மட்டும் கொடுக்காமல் பதிவு ஒப்பந்தத்தோடு நிறுத்துங்கள். உடனே குடியேற வேண்டும் என்று வற்புறுத்தினால், 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி தனியாக ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டு, வாடகையைத் தவணையோடு கலக்காமல் வாங்குங்கள். வீட்டு வரி, மின் இணைப்பு பெயர் மாற்றத்துக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்தேதியிட்ட காசோலைகள் உதவும், அளவோடு. காசோலைக்கு ஆயுள் 3 மாதம். திரும்பி வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பின் அவருக்கு 15 நாள், அதற்கும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு. புகார் மனு ஒரு நாள் தவறினாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டும். முழுத் தொகையும் பெற்றதாகப் பத்திரம் சொன்னால், “எந்தக் கடனுக்கு இந்தக் காசோலை?” என்று எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தையே தூக்கிக் காட்டும்.

ரொக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழலாம், அதுவும் பணம் வாங்கியவர் மேல். அதோடு, பதிவான ஒப்பந்தத்தின் பேரில் வீட்டையும் ஒப்படைத்துவிட்டால், கிரையம் ஆகாவிட்டாலும் அந்த ஆண்டே விற்றதாகக் கொண்டு மூலதன ஆதாய வரி கேட்கவும் இடமுண்டு. வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை.

ஏற்கெனவே வாங்கியவர் நிறுத்திவிட்டார் என்றால், சண்டைக்குப் போகும் முன் அமைதியாக ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா, அடமானம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். கோபத்தில் முதலில் நோட்டீஸ் அனுப்பினால் அவர் உஷாராகி ஒரே வாரத்தில் மச்சான் பெயருக்கு மாற்றிவிடக்கூடும். வழக்கோடு சேர்த்தே விற்கத் தடை கேட்க வேண்டும். இடையில் அவர் ஐந்தோ பத்தோ ஆயிரம் தந்தால், இந்தக் கிரையப் பாக்கிக்காகத் தருகிறேன் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தோடு வங்கி வழியாக வாங்குங்கள். கெடு முடியுமுன் வாங்கினால் கால வரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், அழிக்காத வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி எழுதிய காகிதம் இருந்தால் அதையும்.